கல்வித் துறைக்கு ஆரணியிலிருந்து ஒரு வாழ்த்து மடல்

பெரியோர்களே, உங்களுக்கு மேடை போட்டு, ஆரணிப் பட்டில் ஒரு பொன்னாடையும் போர்த்தத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் முன்னின்று நடத்த வேண்டிய தலைமையாசிரியர் பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதைக்கு எழ மாட்டார். ஆகவே எழுத்திலேயே வாழ்த்திவிடுகிறேன்.

ஆரணியிலும் சுற்றுவட்டாரத் தறிக் கிராமங்களிலும் பிள்ளைகள் ஒரே வார்ப்பில் வருவதில்லை. ஒரு வீட்டில் சௌராஷ்டிரம், அடுத்த வீட்டில் தமிழ், இரண்டு தெரு தள்ளி உருது, அங்கங்கே தெலுங்கு. அரிசி ஆலைப் பக்கமிருந்து இருளர் வீட்டுப் பிள்ளைகள். எல்லோரும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பாயில்தான் உட்கார வேண்டும். வேறு யாராவது என்றால் இதைப் பெரிய சிக்கலாக்கியிருப்பார்கள். நீங்கள் எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே கையேடு, ஒரே வினாத்தாள் என்று தீர்த்துவைத்தீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையின் தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கூடவே 'இயன்றவரை' என்றும் அதில் இருக்கிறது. இயலாமைக்குச் சட்டத்திலேயே இடம் வைத்த முன்யோசனையை அவர்கள் கவனிக்கவில்லை. வீட்டு மொழி வேறான பிள்ளை முதல் சில மாதம் வாய் திறப்பதில்லை; வகுப்பும் அமைதியாக நடக்கிறது. அமைதியான பிள்ளை நல்ல பிள்ளை என்று பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது.

ஆசிரியர்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவனாவேன். அதே சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து. அந்த இருவரிலும் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். எங்கள் ஊரில் ஒரு நெசவாளரை ஒரே நேரத்தில் இரண்டு தறியில் உட்காரச் சொன்னால், சொன்ன முதலாளியைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மனித ஆற்றலில் உங்களுக்கிருக்கும் நம்பிக்கை பட்டு முதலாளிகளுக்கு இல்லை.

செயல்வழிக் கற்றலை மறக்க முடியுமா? ஆந்திராவின் ரிஷிவேலியில், பல வகுப்புகள் ஒரே அறையில் படிக்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007–08இல் மாநிலம் முழுக்க. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரோரக் கரும்பலகை. தன் வேகத்தில் படிக்கிற பிள்ளையை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்பது அதன் உயிர். அவ்வளவு நல்ல முறையை நீங்களும் அவசரப்படுத்தவில்லை, அது வேரூன்றுமுன் 'எளிமைப்படுத்தப்பட்ட' செயல்வழிக் கற்றல் ஆக்கினீர்கள், அவ்வளவுதான். அட்டைகள் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டிய பள்ளிகளும் உண்டு. மூலை மடங்காமல், ஒரு கைரேகை படாமல் அப்படியே புதிதாக இருந்தன. ஆயுதங்களை மெருகு குலையாமல் வைத்திருந்த தொண்டைமான் ஆண்ட நாடு அல்லவா இது? கருவிகளைப் பளபளப்பாகக் காப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

தறிவீட்டில் இருப்பதும் அட்டைதான். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பினாலும் கரையில் பூ கோணிக்கொள்ளும். எந்த அட்டையில் பிசகு என்று எட்டு வயதுப் பெண் அப்பாவுக்குக் காட்டிக்கொடுப்பாள். கூலியில் முன்பணம் பிடித்தது போக வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பதையும் தார் சுற்றிக்கொண்டே மனக்கணக்காகச் சொல்வாள். இதெல்லாம் கணக்கு என்று யாரும் அவளிடம் சொல்லிவிடாமல் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். கைப்பேசிச் செயலியில் கேட்ட கழித்தலில் அவள் தடுமாறியபோது, அந்தக் காலத்து வாத்தியார் போல 'மக்கு' என்று சொல்லி மனதைப் புண்படுத்தவும் இல்லை. 'அரும்பு' நிலை என்றீர்கள். அடுத்தது மொட்டு, அதற்கடுத்து மலர். இவ்வளவு அழகான பெயர்களில் பின்தங்கும் பாக்கியம் எங்கள் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இயற்றியவர்களுக்கும் ஒரு கும்பிடு. 1953இல் ராஜாஜி, அரை நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் காமராசர் வந்ததும் அது போயிற்று. கொதித்தவர்களுக்குப் பொறுமை போதவில்லை. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. இந்த முறை ஊரில் ஒரு கூட்டம்கூட இல்லை. பள்ளிக்கு முழு நேரம், தறிக்கு மீதி முழு நேரம். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை தூங்கி விழுந்தால் 'ஆர்வக் குறைவு' என்று குறித்துக்கொள்ள உங்கள் படிவத்தில் கட்டமும் இருக்கும்.

நாள் தவறாமையிலும் உங்களை அடிக்க ஆளில்லை. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது, 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் கற்றிருப்பார்கள் என்றீர்கள். 2025 சொன்னபடி வந்தது. அன்று மூன்றாம் வகுப்பில் இருந்த பெண் அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் கால் வைத்தாள். அங்கே அவளுக்காக, ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிட, 'திறன்' காத்திருந்தது. புதுப் பெயர், புதுக் கையேடு, டீச்சருக்குப் புதுப் பயிற்சி. அவளும் புதிதாக எதற்கும் சிரமப்பட வேண்டியதில்லை; அதே கழித்தல்தான்.