மனசைத் திறந்து கேட்டவை

மட்டாஞ்சேரியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மனநல டாக்டரிடம் சொன்னது மட்டும் தெருவுக்கு வராதா? (செர்லாய் வாசகி)

வந்தால் சட்டமீறல். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவு அவர் வாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில வேளைகளில்தான் அது திறக்கும். வரிசையில் நிற்பவர்கள் முன்னால் பேரையும் நோயையும் சேர்த்துக் கூவாமல் இருப்பதும் மரியாதைதான்.

எனக்குத் தமிழ், டாக்டருக்கு மலையாளம். என் மனசை எப்படிப் புரியவைப்பது? (டோபி கானா வாசகர்)

புரியவைக்க வேண்டியவர் நீங்கள் மட்டும்தானா? நோயையும் சிகிச்சையையும் நமக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்வது, அதே சட்டத்தின் 22வது பிரிவு தரும் உரிமை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். பத்து வயதில் மகன் இருந்தால், அவனை மட்டும் நடுவில் மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். அப்பாவின் துக்கத்தைச் சுமக்கும் வயதில்லை அவனுக்கு.

தூக்கம் வரவில்லை என்று சுகாதார மையத்துக்குப் போனேன். "வீட்டில் நிம்மதியா?" என்கிறார் டாக்டர். ஊர்வம்பு எதற்கு அவருக்கு? (பள்ளுருத்தி வாசகர்)

வம்புக்காரர் பதிலை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார். நல்ல டாக்டர் சிகிச்சைக்குக் கொண்டுபோவார். தூக்கம் கெடுவதற்குப் பின்னால் மனச்சோர்வும் இருக்கலாம். கேரளத்தின் ஆர்த்ரம் சுகாதாரத் திட்டத்தில், குடும்ப சுகாதார மையங்களிலேயே மனச்சோர்வைக் கண்டறிய 'ஆஸ்வாசம்' கிளினிக்குகள் உண்டு. தூக்க மாத்திரை எழுத ஒரு நிமிடம் போதும். இவரோ உங்கள் பேச்சைக் கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறார். தயங்காமல் சொல்லுங்கள்.

கவுன்சலரிடம் என் மகள் என்ன பேசினாள் என்று நான் கேட்கக் கூடாதா? அவளுக்கு 22 வயது. (மட்டாஞ்சேரி வாசகி)

கேட்கலாம், மகளிடம்!