மடியில கனம், வழியில பயம்

வா தம்பி, உக்காரு. சென்னையில உத்தியோகம், காரைக்கால்ல வீடு, நடுவுல ஓடுற காரு. இப்ப அந்தக் காரும் ஆபீசாயிடுச்சாமே? ஏறினதும் கதவைச் சாத்துறியோ இல்லியோ, லேப்டாப்பைத் தொறந்துடுறியாம். காதுல ஒரு கருவி, மூஞ்சில ஒரு கவலை. பாக்குறவன் என்ன நெனைப்பான்? நாட்டோட பட்ஜெட்டே இந்தப் பய மடியிலதான் தயாராவுதுன்னு நெனைப்பான். நெனைக்கட்டும்னுதானே தொறக்குறே?

கோவிச்சுக்காதே. ரோட்டுல பொழுதைக் கழிக்கிறது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? நமக்குத் தலைநகரம் புதுச்சேரி. அங்க போவணும்னா பூவத்தைத் தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள நுழையணும். தரங்கம்பாடி, திருக்கடையூர், சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம், கடலூர்னு சுமார் 130 கிலோமீட்டர் போனாத்தான் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் போட்ட கோடு அப்படி. 1954-ல அவன் போயிட்டான், கோடு போவல. ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் காலி. அந்த நேரத்துல எங்க ஆளுங்க என்ன பண்ணுனாங்க? நல்லாத் தூங்குனாங்க. எறங்கினதும் அதிகாரிகிட்ட தெளிவாப் பேசுனாங்க. நீ வழியெல்லாம் வேலை பாத்துட்டு, எறங்கினதும் கொட்டாவி விடுறே. யாருடா கெட்டிக்காரன்?

சரி, நெசமாவே அவசரம்னு ஒண்ணு எப்பவாவது வரும். ஒத்துக்குறேன். அதுக்குச் சில புத்தி சொல்லுறேன், கேளு.

மொத புத்தி. ஸ்டியரிங் ஒன் கையில இருந்தா லேப்டாப்பு பையில இருக்கணும். இதையெல்லாம் சொல்லணுமான்னு கேக்குறியா? சொல்ல வேண்டியிருக்கே! 2025 பிப்ரவரியில பெங்களூருல ஒரு பொண்ணு காரை ஓட்டிக்கிட்டே லேப்டாப்பு பாத்துச்சு. வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. போலீசு தேடிப் புடிச்சு 1,000 ரூவா அபராதம் போட்டுது. வீட்டுலேந்து வேலை பாரு தாயி, வண்டி ஓட்டிக்கிட்டுப் பாக்காதேன்னு புத்தியும் சொல்லி அனுப்புச்சு. பெங்களூரு டிராபிக்குல வண்டி எங்க நகருதுன்னு அது நெனைச்சிருக்கும். நகர்ந்துட்டா?

ரெண்டாவது, எடம். முன்சீட்டுல உக்காந்து மடியில விரிக்காதே. முன்னால ஏர்பேக் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. முட்டிக்கிட்டா, நீ கண்ணை ஒரு தரம் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள விரிஞ்சிடும். அது காப்பாத்த வர்றது ஒன்னைத்தான். நடுவுல நீ ஒரு தகரத்தை நிறுத்தி வச்சிருந்தா, அந்தத் தகரத்தையும் சேத்து ஒன் நெஞ்சுல அறையும். அதனால பின்சீட்டுக்குப் போ.

பின்சீட்டுல பெல்ட்டு எதுக்குன்னு கேப்பே. தெரியும். இந்த ஊருல பெல்ட்டை முதுகுக்குப் பின்னால சொருகி வச்சுட்டு அது மேல சாஞ்சு உக்காருற மகராசன்களை நான் பாக்காததா? டாடா சன்ஸ் தலைவரா இருந்த சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர்ல பால்கர் பக்கத்துல செத்தாரே, அது பென்ஸ் காரு. பின்சீட்டுலதான் இருந்தாரு, பெல்ட்டு போடலன்னு போலீசு சொல்லுச்சு. அம்புட்டு வெலையுள்ள காருக்கே அந்தக் கதி. ஒன் மாசத் தவணைக் காரு தாங்குமா? சட்டமும் 1,000 ரூவா கேக்குது. நீ திருக்கடையூர் வழியாத்தான் போறே. எமனை உதைச்ச சாமி அங்க இருக்காரு, வாஸ்தவம். அவரு மார்க்கண்டேயனுக்காக வந்தாரு. பெல்ட்டு போடாதவனுக்கும் வருவாருன்னு எங்கயாவது எழுதியிருக்கா? ஒனக்கும் ஒரு நாளு அங்க அறுபதாங்கல்யாணம் நடக்கணும்டா. மாட்டு பெல்ட்டை.

ஒனக்கு மட்டும் பெல்ட்டு போட்டா ஆச்சா? லேப்டாப்புக்கு? ஒன்றரைக் கிலோ சாமான், என்ன பண்ணிடும்ங்குறே. 50 கிலோமீட்டர் வேகத்துல போற காரு டக்குனு முட்டி நின்னா, உள்ள கெடக்குற சாமான் அதே வேகத்துல பறக்கும். அந்த வேகம் எம்புட்டுன்னு நெனைக்கிறே? 30 அடிக்கு மேல ஒசந்த தென்னையிலேந்து விழுற காயோட வேகம். தென்னைக்குக் கீழ கட்டில் போடாதவன், பின்கண்ணாடி ஓரமா லேப்டாப்பை வச்சுட்டு முன்னால உக்காருறான். வேலை முடிஞ்சா மூடு. பையில போடு. பையைக் காலடியில, முன்சீட்டு முதுகுக்கு ஒட்டித் தள்ளு. தீந்துது.

மூணாவது, சூடு. இதைக் கொஞ்சம் கிட்ட வந்து கேளு. கல்யாணம் ஆவப்போற பய நீ. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்து டாக்டருங்க ஒரு சோதனை பண்ணி, 2005-ல முடிவை வெளியிட்டாங்க. 29 வாலிபப் பசங்களை ஒரு மணி நேரம் மடியில லேப்டாப்போட உக்கார வச்சாங்க. சூடு ஏறக்கூடாத எடத்துல இரண்டரை டிகிரிக்கு மேல ஏறிப்போச்சு. காலைச் சேத்து உக்காந்ததுக்கே பாதிக்கு மேல ஏறிடுச்சாம், மிச்சம் பொட்டியோட உபயம். இதுக்கு மேல வெளக்கணுமா? ஒரு கெட்டிப் பலகையை வச்சு அது மேல வையி. தலவாணி மேல வைக்காதே. அடியில மூச்சு விடுற ஓட்டையெல்லாம் அடைஞ்சு போயி, அதுவும் கொதிக்கும், நீயும் கொதிப்பே.

சார்ஜ் போடுறது இன்னொரு கூத்து. காருல சிகரெட்டு பத்தவைக்கிற ஓட்டை இருக்குல்ல, 12 வோல்ட்டு. பெரும்பாலும் 120 வாட் வரைக்கும்தான் தாங்கும். ஒன் ஆபீஸ் லேப்டாப்பு 65 வாட் கேட்டா, அதுக்குன்னே வர்ற டைப்-சி கார் சார்ஜர் போதும். போனுக்கு வாங்குன நூறு ரூவா சார்ஜரைச் சொருகிட்டு ஏறல ஏறலன்னா எங்கேந்து ஏறும்? விளையாட்டு லேப்டாப்பு 180 வாட்டுக்கு மேல கேக்கும். அதைச் சொருகுனா ப்யூசு போவும். அப்புறம் ஒன் வெளையாட்டும் போவும்.

நாலாவது, வாந்தி. காதுக்குள்ள இருக்குற நெலைக்கருவி நாம ஓடுறோம்ங்குது. கண்ணு திரையைப் பாத்துட்டு நிக்கிறோம்ங்குது. ரெண்டுக்கும் பஞ்சாயத்து பண்ண முடியாம மூளை வயித்தைக் கலக்கிடுது. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே எக்செல் போடுற பயலைப் பாத்தா சிரிப்பா வருது. தலை சுத்துனா மூடிட்டு தூரத்து வயலைப் பாரு. அதுக்குக் காசு கேக்குறாங்களா? திரை கூசாம இருக்கப் பக்கமும் பாத்து உக்காரு. காலையில வடக்க போறப்ப கடலும் வலப்பக்கம், வெயிலும் வலப்பக்கம். இடப்பக்கம் உக்காந்தா திரை தெரியும். சாயங்காலம் தெக்க திரும்புறப்பவும் வெயில் வலப்பக்கம்தான், அதே இடப்பக்கம் உக்காரு. ஆயிரம் ரூவாக்குத் திரை மேல ஒட்டுற கூச்சத் தடுப்புத் தாளு எதுக்கு?

அஞ்சாவது, வெயில். சனிக்கிழமை திருநள்ளாறு போறே. நளதீர்த்தத்துல முழுகி, சனி தொலைஞ்சுதுன்னு தலையைத் தொவட்டிக்கிட்டு வர்றே. லேப்டாப்பு எங்க? வெயில்ல பூட்டுன காருக்குள்ள. அந்த பேட்டரிக்கு 35 டிகிரிக்கு மேல போனாலே ஆவாது. சித்திரை வெயில்ல மூடுன காரு 50-ஐத் தாண்டும். சனியைக் கொளத்துல விட்டுட்டு, காருல ஒண்ணை வளத்துட்டு வர்றியே!

கடைசிப் புத்தி இதுதான். ஓடுற காருல ரெண்டு மணி நேரம் குலுங்கிக் குலுங்கித் தட்டுறதை, காரை நிறுத்துன எடத்துல அரை மணியில முடிச்சுடலாம். சிதம்பரத்துல நிறுத்து. எறங்கு, இடுப்பை நிமித்து, டீக்கடை மேசையில வச்சு வேலையை முடி. ஓட்டுற தம்பிக்கும் ஒரு டீ வாங்கிக் குடு. ஒன் அவசரத்துக்கெல்லாம் ரோட்டைப் பாக்குறது அவன்தான். நீ மீட்டிங்குல கத்துற கத்துல அவன் காது அடைச்சுப் போயிருக்கும். அந்த டீக் காசை மறக்காம கம்பெனி கணக்குல எழுதிடு. அதுக்கு லேப்டாப்பு தாராளமா ஒதவும்.