ஏழே படிகளில் வாட்ச் சேர்க்கலாம், நிறுத்தலாம்

வாட்ச் சேர்க்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். வீட்டில் நான்கு, கூரியர் வண்டியில் ஒன்று. “எவ்வளவு வேகத்தில் வாங்கலாம், எப்போது நிறுத்தலாம்?” என்ற கவலை உங்களுக்கு வந்திருக்கிறது. சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். என்னிடம் பத்தொன்பது வாட்ச் இருக்கிறது. பதினான்கு முறை நிறுத்தியவன் நான். கீழே உள்ள ஏழு படிகளை வரிசை மாறாமல் கடைப்பிடியுங்கள்.

1. முதலில் வாங்குங்கள், பிறகு யோசியுங்கள்

நேரம்: இரவு பதினொன்றரை. வீடு தூங்கிவிட்டது. போன் வெளிச்சத்தில் உங்கள் முகம் மட்டும் தெரிகிறது. இதைவிட நல்ல முகூர்த்தம் கிடையாது, பணத்தைக் கட்டிவிடுங்கள். மணிக்கட்டை அளக்க வேண்டாம். 44 மில்லிமீட்டர் வாட்ச் படத்தில் கம்பீரமாக இருக்கும், உங்கள் கையில் தோசைக்கல்லைக் கட்டியதுபோல் இருக்கும். அதனால் 38 வாங்குங்கள். அது குழந்தை வாட்ச்போல் தெரியும். இப்போது 40 வாங்குங்கள். ஆகா, பொருந்துகிறது! தையல்காரரின் டேப்பால் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம்தான். ஆனால் அதற்கு அனுபவம் என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள்.

2. நேரத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். அந்தப் பணத்துக்கு அப்போது ஒரு கார் வாங்கியிருக்கலாம். இன்றைக்கு அதே வித்தை பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் தொங்குகிறது. உள்ளே சின்னப் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, வாட்ச் சரியாக ஓடுகிறது, அவ்வளவுதான். 1989-ல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ ஒரு மாதம் முழுக்க ஓடினாலும் அரை நிமிடத்துக்கு மேல் தவறுவது அபூர்வம். அதைப்போல் முப்பது மடங்கு விலை கொடுத்து நீங்கள் வாங்கிய, கை ஆட்டத்திலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், அந்த அரை நிமிடத்தை ஒரே நாளில் தவறவிடும்.

யாராவது சுட்டிக்காட்டினால், “இதற்கு உயிர் இருக்கிறது” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு போனை எடுத்து மணி பாருங்கள்.

3. மெதுவாக வாங்க விதி ஒன்று போடுங்கள்

ஆறு மாதத்துக்கு ஒரு வாட்ச். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விதி கடுமையாக இருந்தால்தான் விலக்குகளுக்கு மரியாதை. ஆடித் தள்ளுபடியில் வாங்கியது கணக்கில் வராது. பிறந்தநாளுக்கு வாங்கியது வராது, அது யாருடைய பிறந்தநாளாக இருந்தாலும் சரி. பழைய வாட்ச் வராது, ஏனென்றால் அது நீங்கள் விதி போடுவதற்கு முன்பே செய்யப்பட்டது. ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் வாட்சே இல்லை, பட்டைக்குக் கொசுறு.

ஈ.எம்.ஐ. இருக்கிறதே, அது தனி அழகு. பன்னிரண்டு தவணையில் வாங்கினால் இந்த மாதம் நீங்கள் வாங்கியிருப்பது பன்னிரண்டில் ஒரு பங்கு வாட்ச். விதியில் இன்னும் பதினொரு பங்கு இடம் காலியாக இருக்கிறது.

“ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும்” என்று இன்னொரு விதி சொல்வார்கள். தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். போக வேண்டியதை மச்சினனுக்கு இரவல் கொடுங்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

4. நாட்டுப்பற்றை இழுத்து வாருங்கள்

வெளிநாட்டு வாட்ச் வாங்கிக் குற்ற உணர்ச்சி வந்தால் எச்.எம்.டி. பக்கம் வாருங்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை. ஜனதா, பைலட், சோனா என்று பெயரைச் சொன்னாலே ஒரு தலைமுறை காலையில் பல் தேய்த்த கையோடு சாவி கொடுத்த சத்தம் கேட்கும். கடையில் தூசி படிந்து கிடந்தபோது அதை நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இப்போது கண் கலங்குங்கள். கலங்கிய கண்ணோடு வாங்கினால் டயல் சரியாகத் தெரியாது. தெரியாமலிருப்பதே நல்லது.

ஏனென்றால் இதில் பெரிய கைவேலை நடக்கிறது. பழைய எந்திரத்தை எடுத்து, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கிடைத்த கூட்டில் போட்டு அனுப்புகிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்கத் தெரிந்தவருக்கு உடனே தெரியும். எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் கோணலாகப் போகும். ஐம்பது வருட வாட்சின் முகம் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்போல் இருக்கும். நீங்கள் பார்க்காதீர்கள். ஆரஞ்சு, கிளிப்பச்சை, மயில்நீலம் என்று நிறத்துக்கு ஒன்று வாங்குங்கள். பின்மூடியில் முன்பின் தெரியாத ஒருவர் பெயரும், இருபத்தைந்து வருடச் சேவைக்குப் பாராட்டும் பொறித்திருந்தால் கூடுதல் விலை கொடுங்கள். அடுத்த வீட்டு அப்பா உழைத்ததற்கு ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது. உங்கள் அப்பாவின் வாட்ச் எங்கே என்று இந்த இடத்தில் யோசிக்க வேண்டாம்.

5. வீட்டுக்குள் கடத்துங்கள்

அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் பார்சலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பெயரிலேயே வாட்ச் வைத்திருப்பவர், பொறுப்பாக இருப்பார். மெல்லிய வாட்சாக இருந்தால் இன்னும் சுலபம். நம் ஓசூர் டைட்டன்காரர்கள் 2002-ல் கொண்டுவந்த எட்ஜ் 3.5 மில்லிமீட்டர் தடிமன்தான். முழுக்கைச் சட்டைக்குள் இருப்பதே தெரியாது. அதை வடிவமைத்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குப் பயன்பட்டது இதற்குத்தான்.

எல்லா வாட்சையும் 20 மில்லிமீட்டர் பட்டை போடும்படி பார்த்து வாங்குங்கள். புதிய வாட்சில் பழைய பட்டையை மாட்டிவிட்டால் போதும், மனிதர்கள் பட்டையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏழாவது வாட்ச் வரை இது எனக்குப் பலித்தது. எட்டாவதை என் மனைவி இரண்டு நொடி பார்த்துவிட்டு, “பட்டை மட்டும் பழசு” என்றாள். அப்போது கையில் இருக்க வேண்டிய வசனம்: “இது முதலீடு.” உடனே, “அப்படியென்றால் தங்கம் வாங்கியிருக்கலாமே, அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம்” என்று பதில் வரும். அதற்கு வசனம் என்னிடம் இல்லை. குளிக்கப் போய்விடுங்கள்.

6. பராமரியுங்கள்

வாட்சைக் கழற்றாமலே குளியுங்கள். பின்பக்கம் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறதே! அது அசையாத தண்ணீரில் அழுத்தம் கொடுத்துச் சோதித்த கணக்கு. கை கழுவலாம், தூறலில் நனையலாம், அதற்கு மேல் தாங்காது என்று கடைக்காரர் சொல்லுவார். அவர் விற்பவர், உங்களுக்குத்தான் வாட்சின் மனசு தெரியும்.

தேதியை நள்ளிரவில் திருப்புங்கள். பெரும்பாலான எந்திர வாட்சுகளில் இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரை தேதிச் சக்கரம் மாறுவதற்காகப் பற்களில் கவ்வி நிற்கும். அப்போது கையால் திருப்பினால் பல் போகும். ஆனால் முதல் படியின்படி உங்களுக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான். என்ன செய்வது?

இரவில் ஸ்பீக்கர்மேல் கழற்றி வையுங்கள். உள்ளே உள்ள மெல்லிய சுருள்கம்பியில் காந்தம் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் தலைதெறிக்க ஓடும். ஆபீசுக்கு முதல் ஆளாகப் போகலாம்.

ஆட்டோமேட்டிக் வாட்சைக் கழற்றி வைத்தால் சுமார் 40 மணி நேரத்தில் நின்றுவிடும். உங்களுக்கு இருப்பதோ இரண்டு கை. எனவே வாட்சுகளைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் மின்சாரப் பெட்டி ஒன்று வாங்குங்கள். நடப்பதற்குச் சோம்பல்பட்டு, வீசி நடக்க ஒரு கையை வாடகைக்கு எடுத்த மாதிரி. கிரைண்டர் நின்ற பிறகும் வீட்டில் ஏதோ ஒன்று உளுந்தில்லாமல் அரைபட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டி வாட்சுகளுக்காக வாங்கியதுதான், வாட்ச் இல்லை, எனவே அது வாட்ச் செலவில் வராது.

உள்ளே இருக்கும் எண்ணெய் காயும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பார்கள். பத்தொன்பது வாட்ச் என்றால் வருடத்துக்கு நான்கு. இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

7. நிறுத்துங்கள்

கடைசி வாட்ச் ஒன்று வாங்கி நிறுத்துங்கள். கடைசி என்பதால் விலை பார்க்கக் கூடாது.

8. ஏழு என்றுதான் தொடங்கினேன்

ஆனால் இந்த எட்டாவது மிக நல்ல படி. எதிரே வந்துவிட்டது, விட மனமில்லை. கடைசி வாட்சை மழையில் கட்ட முடியாது, பஸ்ஸில் கட்ட பயம். தினப்படிக்குச் சாதாரணமாக ஒன்று வேண்டும். அது வாங்கியதும் நிறுத்துங்கள்.

9. சத்தியமாக இதுதான் கடைசி

அப்பாவின் ஜனதாவைச் சரிசெய்யக் கொடுங்கள். சேகரிப்பைத் தொடங்கும்போது, “எல்லாம் அப்பா வாட்சைப் பார்த்து வந்த ஆசை” என்று எல்லோரிடமும் சொன்னீர்களே, அந்த வாட்ச்தான். நானும் சொன்னேன். மெயின்ஸ்பிரிங் போய்விட்டது, நானூற்றைம்பது ரூபாய் ஆகும், பத்து நாளில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர், கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே. பத்தாம் நாள் கையில் காசு இல்லை. கிளிப்பச்சை டயல் ஒன்று வந்திருந்தது.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ரசீது பர்சில்தான் இருக்கிறது. கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.