கல்லில் நார் உரித்தவர்

பேராசிரியர் பிரையன் வான்சிங்க்கின் உழைப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சாப்பாட்டின் உளவியலை ஆராய்ந்தவர். குடிக்கக் குடிக்கக் குறையாத சூப் கிண்ணம் ஒன்றைச் செய்து, அதற்காக 2007இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் வாங்கியவர்.

அவர் கையில் எதுவும் வீண் போகாது. ஓர் இத்தாலிய உணவகத்தில் பீட்சா பஃபே. சிலரிடம் முழு விலை, சிலரிடம் பாதி விலை வாங்கி, சாப்பிட்டவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. நினைத்தபடி முடிவு வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதி மூடிவைத்திருப்பார்கள். வான்சிங்க் சோர்ந்துவிடவில்லை. துருக்கியிலிருந்து சம்பளமில்லாமல் வந்திருந்த ஆராய்ச்சி மாணவியிடம் அதே தரவைக் கொடுத்து, இதிலிருந்து ஏதாவது தேறும், தேடிப் பார் என்றார். ஆண், பெண், மதியம் வந்தவர், இரவு வந்தவர், தனியாக உட்கார்ந்தவர், கூட்டமாக உட்கார்ந்தவர், மது கேட்டவர், குளிர்பானம் கேட்டவர், பஃபே மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர், தள்ளி இருந்தவர். இப்படியெல்லாம் பிரித்துப் பார்க்கச் சொல்லி அவர் எழுதிய மின்னஞ்சல் பின்னால் வெளியே வந்தது. ஒரே தாளை இத்தனை விதமாக மடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

அந்தப் பொறுமைக்குக் கூலி நிச்சயம் உண்டு. ஒன்றுமே இல்லாத தரவில், 0.05 என்ற எல்லையை வைத்து ஒரு சோதனை செய்தால், ‘தொடர்பு உண்டு’ என்று தற்செயலாக விடை வர நூற்றுக்கு 5 வாய்ப்பு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றிலாவது அப்படி வர நூற்றுக்கு 64 வாய்ப்பு. விடாமல் கேட்பவரை 0.05 கைவிடாது.

அந்த மாணவியையும் கைவிடவில்லை. நான்கு கட்டுரைகள் வெளிவந்தன. பெண்களோடு சாப்பிட வந்த ஆண்கள் 93 சதவீதம் அதிகமாக பீட்சா சாப்பிட்டார்கள் என்றது ஒன்று. நடையும் நல்ல நடை: முதலில் கருதுகோள், பிறகு தரவு, அதன்பின் முடிவு. முடிவைக் கண்டுபிடித்துவிட்டுக் கருதுகோளை எழுதியது படிப்பவருக்குத் துளியும் உறுத்தாது. கல்லில் நார் உரித்த சுவடே தெரியாமல் கயிறும் திரித்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய குணம் அவருடைய ஒளிவுமறைவின்மை. இந்தக் கதையை முதலில் யாரும் தோண்டி எடுக்கவில்லை. 2016 நவம்பரில் அவரே இணையத்தில் எழுதினார். மறுக்காமல் உழைத்த மாணவியை மெச்சினார். அதே வேலையை வேண்டாம் என்ற இன்னோர் ஆய்வாளரைக் குறைத்துச் சொன்னார். தவறு என்று நினைத்திருந்தால் இவ்வளவு பெருமையாக எழுதியிருக்க மாட்டார். அந்த நம்பிக்கை உண்மையானது. எனக்குப் பயம் தருவதும் அதுதான்.

அவர் புண்ணியத்தில் டிம் வான் டெர் ஸீ, ஜோர்டன் அனாயா, நிக் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அந்த நான்கு கட்டுரைகளையும் எடுத்து உட்கார்ந்தார்கள். சுமார் 150 முரண்பாடுகள் கிடைத்தன. இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. 18 பேர் முழு எண்ணில் மதிப்பெண் போட்டால், சராசரியை 18ஆல் பெருக்கும்போது முழு எண் வர வேண்டும். 58ஐ 18ஆல் வகுத்து இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கினால் 3.22, 59ஐ வகுத்தால் 3.28. கட்டுரையில் 3.27 என்று இருந்தால், அந்த எண்ணை எந்தப் பதினெட்டுப் பேராலும் தந்திருக்க முடியாது. கால்குலேட்டரே போதும்.

சிறு பிள்ளைகள் மேலும் அவருக்கு அக்கறை. ஆப்பிளில் எல்மோ பொம்மை ஸ்டிக்கர் ஒட்டினால் பள்ளிப் பிள்ளைகள் விரும்பி எடுப்பார்கள் என்றொரு கட்டுரை. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்ததாக அச்சானது. பார்த்ததோ 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம். எழுதும்போது பிள்ளைகளை ஐந்தாறு வயது வளர்த்துவிட்டிருக்கிறார்கள். இவரது ஆய்வுகளை நம்பி அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளிகளின் சாப்பாட்டுக் கூடங்கள் மாற்றி அடுக்கப்பட்டன. தட்டேந்தி நின்ற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

2018 செப்டம்பரில் ஜாமா குழும மருத்துவ இதழ்கள் ஒரே நாளில் அவருடைய 6 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. ஆய்வு நெறி மீறல் என்றது பல்கலைக்கழகம். அவர் பதவி விலகினார்.

அவர் போனாலும் அந்த உழைப்பு போகவில்லை. கேள்வித்தாள் தரவோடு உளவியல் மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள். போன மாதம் ஒரு பெண் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, “ரெண்டு ஸ்டார் வந்துடுச்சு மேடம்!” என்றாள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அட்டவணையில் ஒரு கட்டத்தில் மட்டும், எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம்; ‘தொடர்பு உண்டு’ என்று அர்த்தம். இருநூறு பேரைத் தேடிப்பிடித்துக் கேள்வித்தாள் நிரப்பி வாங்கியவள். கண்ணில் தூக்கமே இல்லை. கெட்டிக்காரப் பெண், சலிக்காதவள் என்று சொன்னேன்; அது உண்மை.

“எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேம்மா?”

பதில் இல்லை. நான் மவுஸை வாங்கி மேலே நகர்த்தினேன். நட்சத்திரமில்லாத அட்டவணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

“இதையும் கட்டுரையில எழுதணுமா மேடம்?”

“எல்லாத்தையும்” என்றேன்.