விலக்கியல்: விளம்பரத் தடுப்பு நூற்பாக்களுக்கு ஓர் உரை

விளம்பர விலக்கி என்பது உலாவியோடு ஒட்டிக்கொண்டு, வேண்டாதவற்றை உள்ளே விடாமல் தடுக்கும் சிறு நீட்சி. இதை மென்பொருள் என்று வகைப்படுத்துவார் உளர். அது மேலோட்டமான பார்வை. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஓர் இலக்கண நூல். தொல்காப்பியத்தில் ஏறத்தாழ 1,600 நூற்பாக்கள்; நன்னூலில் 462. விலக்கிகள் பலவும் சார்ந்திருக்கும் ஈஸிலிஸ்ட் என்ற பட்டியலிலோ பல்லாயிரம் விதிகள். 2005இல் தொடங்கிய அந்நூல் ஓயாமல் திருத்தப்படுவதால், உரை எழுதுபவர் முதல் இயலை முடிப்பதற்குள் மூலம் மாறிவிடுகிறது.

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்ற விதி இங்கும் பொருந்தும். 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் தோன்றியது. பார்த்தவர்களில் 44 விழுக்காட்டினர் அதை விரும்பி அழுத்தினர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தகைய வாசகர் இன்று அருகிவிட்டனர். அடுத்து வந்தது துள்ளி எழும் சாளரம். தன் விளம்பரம் தகாத பக்கமொன்றில் ஒட்டித் தெரிந்ததால் ஒரு கார் நிறுவனம் கலங்க, விளம்பரத்தைத் தனிச் சாளரத்துக்குக் குடிபெயர்த்தார் டிரைபாடு தளத்தில் பணியாற்றிய ஈத்தன் சக்கர்மேன். 2014இல் அதற்காக உலகத்திடம் மன்னிப்பும் கேட்டார். சாளரங்கள் கேட்கவில்லை.

இக்காலத்தே பிறந்தது பெருக்கல் குறி ஆராய்ச்சி. விளம்பரத்தின் மூலையில் நிற்கும் அக்குறி மூவகைப்படும்: உள்ளது, தாமதித்து வருவது, இருப்பதுபோல் தோன்றுவது. முதலாவது எறும்பின் தலையளவு. இரண்டாவது சில நொடி காக்கவைத்து, விரல் நெருங்கும் நேரம் இடம்பெயரும். மூன்றாவது படத்திலேயே வரையப்பட்டது. அழுத்தினால் விளம்பரம் மூடாது, திறக்கும். விளம்பரங்களைத் தடுக்க டென்மார்க்கின் ஹென்ரிக் ஆஸ்டட் சோரன்சென் 2002இல் ஆட்பிளாக் நீட்சியை எழுதினார்.

இனி விதிகள். || என்ற இரட்டைச் செங்குத்துக்கோட்டில் தொடங்கும் நூற்பா ஒரு முகவரியைச் சுட்டும். உலாவி அவ்விடத்தைக் கேட்கவே கேட்காது. ## இடம்பெறும் நூற்பாவோ பக்கத்துக்குள் வந்துவிட்ட பகுதியைக் கண்ணில் படாமல் மறைக்கும். முன்னது வாராவிதி, பின்னது காணாவிதி என்க. கல்யாண வீட்டில் வேண்டாதவருக்குப் பத்திரிகையே வைக்காமல் விடுவது வாராவிதி. வந்தவரைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைப்பது காணாவிதி. அந்தரங்கம் காப்பது வாராவிதியே. தூணுக்குப் பின்னால் இருப்பவரும் யார் யார் வந்தார்கள் என்று எண்ணிவிடுவார் அல்லவா?

எண்ணுவோருள் தலையாயது ஒரு புள்ளி அகலமும் ஒரு புள்ளி உயரமும் கொண்ட படம். தமிழில் புள்ளி பெறுவது மெய்யெழுத்து; இங்கே புள்ளி பெற்றுச்செல்வது வாசகரின் மெய்விவரம். அதன் துணை, 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி ஆக்கிய குக்கீ. கடைக்காரர் வாடிக்கையாளரை நினைவில் வைத்துக்கொள்ளப் பிறந்த அது, ஒரே விளம்பர வலைப்பின்னல் நூறு தளங்களில் குடியேறியதும் உளவாளி ஆயிற்று. குக்கர் வாங்கி, சோறு பொங்கி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பின்னும் குக்கர் விளம்பரம் பின்தொடர்வது இதனால்தான்.

தடை: எல்லாத் தளங்களிலும் உள்ள எல்லாத் தரவையும் படிக்கவும் மாற்றவும் இந்நீட்சியே அனுமதி கேட்கிறதே? விடை: காவலாளி வருபவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும், ஆகவே காவலாளி யாரென்று ஆராய்க. பெயரொப்புமை ஈண்டு பெருங்கேடு. ரேமண்ட் ஹில் 2014இல் வெளியிட்ட விலக்கி யூபிளாக். 2015இல் அதைப் பிறர் கையில் ஒப்படைத்து, பின் தாமே கிளைபிரித்தது யூபிளாக் ஒரிஜின். பின்னொட்டைச் சேர்த்தே தேடுக. ஹில் நன்கொடையும் வாங்குவதில்லை என்பதால் இவரைப் பொருளியல் அறிஞர்கள் எவ்வகையிலும் அடக்க இயலாது.

காலவழக்கால் விதி திரிதலும் உண்டு. விளம்பரத்தால் வாழும் கூகுள், தன் குரோமில் நீட்சிகளுக்கான சட்டத்தை மேனிஃபெஸ்ட் மூன்று என மாற்றியது. கோரிக்கைகளை நீட்சி தானே இடைமறித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை போயிற்று. முன்கூட்டிக் கொடுத்த பட்டியலைப் பார்த்து உலாவியே தீர்ப்பளிக்கும். பூனைக்கும் தோழனாய் இருந்துகொண்டு பாலுக்கும் காவலாய் இருப்பது அரிய ஆற்றல். குரோமில் இப்போது கிடைப்பது யூபிளாக் ஒரிஜின் லைட் என்ற சுருக்கப் பதிப்பு. முழுநூல் வேண்டுவோர் பயர்பாக்ஸில் காண்க. விலக்கி வீண் ஆடம்பரம் என்பார் மதம் 2022 டிசம்பரில் மறுக்கப்பட்டது: தேடல் முடிவுகளில் போலி விளம்பரம் வைத்து ஏமாற்றுவோரைத் தவிர்க்க, விலக்கி பயன்படுத்துமாறு அமெரிக்காவின் எஃப்பிஐ மக்களுக்கு அறிவுறுத்தியது.

இயலின் இறுதியில் புறனடை கூறுவது மரபு. @@ எனத் தொடங்கும் நூற்பா, பிற விதிகள் விலக்கியதை மீண்டும் அனுமதிக்கும். விளம்பர வருவாயில் நடக்கும் நல்ல இதழுக்கு வாசகரும் தம் விருப்பப்படி இதை வழங்கலாம். நீட்சியிலுள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். ஆட்பிளாக் பிளஸ் என்ற விலக்கி 2011 முதல் ஏற்கத்தகு விளம்பரங்கள் என்ற பெயரில் சிலவற்றை உள்ளே விடுகிறது. பெருநிறுவனங்கள் அதற்குப் பணம் செலுத்துகின்றன. கட்டணம் கட்டிப் புறனடை பெறும் முறை தொல்காப்பியத்தில் இல்லை.