ரெண்டு விரல் மாமா

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுக்கு வண்டியில் வரும் மாமாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடை வாசலிலேயே இடம் இருக்கும், நிறுத்தமாட்டார். மேம்பாலத்தடியோ வேப்பமரமோ, துளி நிழல் எங்கே கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். சீட்டின் மேல் துண்டு விரிப்பார். பிறகு உச்சி வெயிலில் அத்தனை தூரமும் நடந்து திரும்பி வருவார். பெயின்ட் வெளுத்துவிடுமாம்.

சன்ஸ்கிரீன் என்றால் அவருக்குச் சிரிப்பு. "காட்டுல நின்னு வெவசாயம் பண்ணுன பரம்பரைங்க, நம்மளுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" துப்பட்டாவில் முகம் சுற்றி, கையுறை மாட்டி ஸ்கூட்டியில் போகும் பெண்களைக் கண்டால், "கொள்ளைக் கூட்டமாட்டப் போகுது பாருங்க" என்பார். கடைசி ஆயுதம் கோயமுத்தூர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சிலுசிலுவென்று வரும்போது வெயில் என்ன செய்துவிடும்? அதெல்லாம் மெட்ராஸ்காரர்கள் பாடு.

காற்று ஆற்றுவது வியர்வையை. புற ஊதாக் கதிரை அது தொடுவதேயில்லை. மெல்லிய மேகமும் 80 சதவீதம் வரை கதிரைக் கீழே விட்டுவிடும். புற ஊதாக் குறியீடு 3 ஆனாலே தோலைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊர் ஏப்ரல் நண்பகலில் அது 11-ஐத் தொட்டுத் தாண்டும்.

மாமா மனம் மாறியது இந்த எண்களால் அல்ல. மகன் கல்யாணத்துக்கு முன்னால் கன்னத்தில் மங்கு விழுந்தது. தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தார்: எஸ்.பி.எஃப். 30, தினமும், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

இரண்டு விரலா! ட்யூப் விலையை நாளால் வகுத்துப் பார்த்த மாமா, பச்சைப்பயறு அளவு தொட்டுவைத்தார். புது மருமகள்தான் சொன்னாள்: "மாமா, இத்தனூண்டு பூசுனா போட்டிருக்கற நம்பர்ல பாதிகூட வேலைக்காகாதுங்க. காசுந்தான் வீண்." வீண்செலவு என்ற சொல் சுடுகிற அளவுக்கு எந்த வெயிலும் கொங்கு மாமாவைச் சுடாது. அன்றிலிருந்து முழுசாக இரண்டு விரல்.

இப்போது பேக்கரியில் அவரிடம் மாட்டினால் டீ ஆறிவிடும். காலையில் திருப்பூர் பஸ் ஏறினால் இடப்பக்க ஜன்னலில் உட்காரச் சொல்வார், வெயில் வலப்பக்கம். "கண்ணாடி இருக்குதுன்னு நம்பாதீங்க" என்று அமெரிக்க லாரி ஓட்டுநர் கதையை எடுப்பார். கதை நிஜம்தான். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் படம் 2012-இல் அங்குள்ள பெரிய மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடக்கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கியிருந்தது. புற ஊதாவில் யு.வி.ஏ. என்ற வகைக் கதிர் கண்ணாடியைத் தாண்டும். "நம்மூர் டிரைவருக்கு வலக்கன்னமுங்க" என்று மாமா திருத்தமும் சொல்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தேறவில்லை. மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்தி, "இதப் போட்டா கொஞ்சம் நெறம் வருங்களா?" என்று இன்னும் கேட்கிறார். வராது. இருக்கிற தோலைக் காப்பதோடு அதன் வேலை முடிந்தது. வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்கும் க்ரீம்கள் வேறு வியாபாரம்.

நீங்கள் குடையும் முழுக்கைச் சட்டையும் முதலில் பாருங்கள். அவை மூடாத இடத்துக்கு க்ரீம். காது மடலை விட்டுவிடாதீர்கள். வழுக்கை உள்ளவர்கள் அதற்குத் தனியாக ஒதுக்குங்கள். ரெண்டு விரல் கணக்கில் அது சேராது.