சுவரோடு ஓவன் பதிக்கப் போகிறவர்களுக்கு

கோயமுத்தூர்க்காரர்கள் 1955 வாக்கிலேயே ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டியவர்கள். ஆகவே கருமத்தம்பட்டியில் கட்டும் புது வீட்டில், மாடுலர் கிச்சன் ஓவனுக்கு வயர் இழுக்க யாரிடமும் யோசனை கேட்கத் தேவையில்லை. இருந்தாலும் சம்பிரதாயத்துக்குச் சில குறிப்புகள்.

முதலில் பணத்தைச் சரியாகப் பிரியுங்கள். கதவுக்கு அக்ரிலிக், மேடைக்குக் குவார்ட்ஸ், மிஞ்சும் சில்லறைக்கு வயர். தறிக்கூடத்திலிருந்து கழற்றிச் சுருட்டிய பழைய வயர் பரணில் கிடந்தால் அந்தச் சில்லறையும் மிச்சம். ஓவன் 3,000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். தனி லைன், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் சாக்கெட் என்று வயர்மேன் ஆரம்பிப்பார். டீ வாங்கிக் கொடுத்து அடக்கிவிடுங்கள். மிக்ஸி ஓடும் 6 ஆம்பியர் பாயிண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. இடையில் சொருகக் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கும். "அதெல்லாம் தாங்குமுங்க" என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு பெரிய மாமா உண்டு.

எம்சிபி அடிக்கடி விழுந்தால் அதற்கு ரோஷம் அதிகம். 16-ஐக் கழற்றி 32 போடுங்கள். பிறகு விழாது. வயர்தான் சூடாகும், டைல்ஸ் ஒட்டிவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது.

எர்த் விஷயத்தில்தான் நம் திறமை முழுசாக வெளிப்படும். மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே இருக்கும் பின் மட்டும் தடித்து, மற்ற இரண்டையும்விட நீண்டிருக்கும். சொருகும்போது முதலில் தொடுவதும் உருவும்போது கடைசியில் விடுவதும் அதுதான். இவ்வளவு யோசித்துச் செய்த பின்னுக்கு நாம் கொடுப்பது, எங்கும் போய்ச் சேராமல் சுவிட்ச் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பச்சை வயர். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய குழி இப்போது கார் நிறுத்துமிடத்துக்கு அடியில். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு நேரம்? உள்ளே ஹீட்டர் கசிந்தால் கரண்ட் போக வழியில்லாமல் ஓவனின் உடம்பிலேயே நிற்கும், ஈரக் கையோடு யாராவது வரும்வரை. டெஸ்டர் மினுங்கினால் "ரிட்டன் வருது சாமி, செருப்புப் போட்டுக்க" என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

கரண்ட் பில்லுக்குப் பயமா? விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். தறிக்கூடத்திலிருந்தே ஒரு லைன் இழுக்கலாம். பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரட்டைக் கட்டணம். கேக் கொஞ்சம் விலை கூடும், அவ்வளவுதான்.

சாக்கெட்டை ஓவனுக்கு நேர் பின்னால் வையுங்கள். அழகாக மறைந்துவிடும். புகை வந்தால் திருகுகளைக் கழற்றி, ஓவனை வெளியே இழுத்து, பிளக்கை உருவிக்கொள்ளலாம். (பக்கத்து அலமாரியில் கை எட்டும் இடத்தில் வைப்பது ரசனை இல்லாதவர்கள் வேலை.)

கடைசியாக ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் முன் லைனை வெட்டிவிடும். எம்சிபி வயரைக் காப்பது. ஆளைக் காப்பது இது. முகப்பில் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, இன்றைக்கு அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். லைன் விழவில்லை என்றால், உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு அவர் சொல்கிற வயரையே வாங்குங்கள்.